லைசென்சு கொடுக்குமுன் கடலைக் கேளுங்கள்!

சோழபுரத்துக்குக் கடல் கிடையாது. ராஜபாளையத்துக்கும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிடையாது. அங்கே மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தால் மேற்கே மலை தெரியும். கடல் தெரியாது.

ஆனால், கடல் மீன் தெரியும். சாளை என்ன விலை, அயிலை என்ன விலை, சீலா இன்று வந்திருக்கிறதா, இல்லையா என்பதெல்லாம் அங்கே குழம்பு வைக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

விலை ஏறினால் உடனே தெரிந்துவிடுகிறது. ஏன் ஏறியது என்பதுதான் தெரிவதில்லை. மீன் குறைந்தால் "வரத்து இல்லை" என்கிறார் கடைக்காரர். வரத்து ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி கடலில் இருக்கிறது. இன்னொரு பகுதி காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தின் பெயர் லைசென்சு.

கடலில் யார் மீன் பிடிக்கலாம்? எந்தப் படகில் போகலாம்? எந்த வலையை வீசலாம்? இந்த விதிகளை அரசாங்கம் அவ்வப்போது மாற்றுகிறது. மாற்றும்போது மீனவர்கள் சண்டை போடுகிறார்கள், கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் யாரும் ஒழுங்காகக் கேட்பதில்லை.

"இந்த மாற்றத்தைக் கடல் தாங்குமா?" என்பதே அந்தக் கேள்வி.

கண்மாய்க் கணக்கு

இது புரியாத விஷயம் அல்ல. கண்மாய் உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு எளிதாகப் புரியும்.

மழை பெய்து கண்மாய் நிரம்புகிறது. மீன் குஞ்சு விடுகிறார்கள். மறுநாளே ஒருவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? "குஞ்சை அள்ளினால் நாளைக்கு என்ன இருக்கும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும். கெண்டை வளர வேண்டும். விரால் வளர வேண்டும். அதுவரை பொறுக்க வேண்டும்.

கண்மாய்க்கு மீன் குத்தகை விடும்போதும் நாலு பேர் யோசிக்கிறார்கள். எத்தனை நாள் பிடிப்பார்? என்ன வலை போடுவார்? தண்ணீரைத் திறந்துவிட்டு மீனை அள்ளுவாரா? அப்படிச் செய்தால் வயலுக்குத் தண்ணீர் என்ன ஆகும்? இவ்வளவும் கேட்ட பிறகுதான் சம்மதம்.

கண்மாய்க்கு நான்கு பக்கமும் கரை தெரிகிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மீன் என்று கண்ணால் ஓரளவு மதிப்பிடலாம். கடலுக்கு மறுகரை தெரிவதில்லை. அதனால் அதில் மீன் குறையவே குறையாது என்று மனிதன் நினைத்துவிட்டான். அதுதான் தவறு. கடலும் ஒரு பெரிய கண்மாய்தான்.

லைசென்சு எப்போது வந்தது?

ஒரு காலத்தில் கடலுக்குப் போக எந்த லைசென்சும் தேவை இல்லை. கட்டுமரம் இருந்தது, துடுப்பு இருந்தது, கையால் பின்னிய வலை இருந்தது. போனார்கள், பிடித்தார்கள், வந்தார்கள். காற்றும் அலையும்தான் அவர்களுக்குச் சட்டம்.

1950-களில் இந்தியக் கடலுக்கு எந்திரப் படகு வந்தது. கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே உள்ள நீண்டகரையில், நார்வே நாட்டு உதவியுடன் ஒரு திட்டம் தொடங்கியது. பிறகு இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வரும் இழுவை வலைகள் பெருகின. தமிழ்நாட்டிலும் விசைப்படகுகள் பெருகின.

இறால் இருக்கும் இடம் கரையோரம். கட்டுமரக்காரர்கள் வலை போடும் இடமும் கரையோரம். விசைப்படகு வந்து போனால் கட்டுமரக்காரரின் வலை அறுந்தது. 1970-களில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பல இடங்களில் மோதல் நடந்தது. படகுகள் எரிந்தன. உயிர்களும் போயின.

அதன் பிறகுதான் சட்டம் வந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி படகைப் பதிவு செய்ய வேண்டும். லைசென்சு வாங்க வேண்டும். கரையோரக் கடல் சிறு படகுகளுக்கு. விசைப்படகுகள் அதைத் தாண்டித்தான் மீன் பிடிக்க வேண்டும் என்று எல்லை வகுக்கப்பட்டது.

2001-ம் ஆண்டு முதல் மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை வந்தது. முதலில் 45 நாள். 2017-ல் இருந்து 61 நாள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தத் தடை இருக்கிறது.

இதெல்லாம் நல்லதற்குத்தான். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் பிறந்ததே சண்டையைத் தீர்ப்பதற்காக. மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே கோடு போட அது வந்தது. மனிதனுக்கும் மீனுக்கும் உள்ள கணக்கை யாரும் முதலில் போடவில்லை. அந்தக் குறை இன்றும் தீரவில்லை.

சுருக்குமடிச் சண்டை

சுருக்குமடி வலை என்று ஒன்று உண்டு. மீன் கூட்டம் கண்ணில் பட்டதும் படகு அதைச் சுற்றி ஒரு வட்டம் போடும். வலை ஒரு சுவர்போல் நீரில் இறங்கும். பிறகு அடியில் உள்ள கயிற்றை இழுத்தால், சுருக்குப் பையின் வாய் மூடுவதுபோல் வலையின் அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிய கூட்டம் முழுவதும் படகுக்கு வந்துவிடும். சாளை, அயிலை போன்று கூட்டமாகத் திரியும் மீன்களுக்கு அது எமன்.

இந்த வலையைத் தமிழ்நாடு அரசாங்கம் 2000-ம் ஆண்டில் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் விதியைத் திருத்தி மறுபடியும் உறுதி செய்தது.

ஆனால், தடை ஒரு பக்கம். வலை ஒரு பக்கம். 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் பக்கங்களில் சுருக்குமடி பெருகியது. படகுக்கும் வலைக்கும் பல லட்சம் ரூபாய் ஆகும். பலர் பங்கு சேர்ந்து, கடன் வாங்கி, நகையை விற்று வாங்கினார்கள். "இப்போது பிடிக்காதே என்றால் கடனை யார் அடைப்பது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். 2021-ல் இதற்காகப் பெரிய போராட்டங்கள் நடந்தன.

மறுபக்கம் சிறு படகுக்காரர்கள். "அவர்கள் ஒரே நாளில் அள்ளுவது நாங்கள் மாதம் முழுவதும் பிடிக்கும் மீன். கூட்டத்தையே அள்ளிவிட்டால் எங்கள் வலைக்கு என்ன மிஞ்சும்?" என்று இவர்கள் கேட்கிறார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2023-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி ஒரு இடைக்கால உத்தரவு வந்தது. கரையில் இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் சுருக்குமடியில் மீன் பிடிக்கலாம் என்று கோர்ட்டு அனுமதித்தது. 12 கடல் மைல் என்றால் சுமார் 22 கிலோ மீட்டர்.

அதற்கு நிபந்தனைகள் உண்டு. வாரத்தில் 2 நாள் மட்டும், திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும். காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். 1983-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த படகுக்குத்தான் அனுமதி. படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியும் வேண்டும்.

இங்கே யார் சொல்வது நியாயம்? இரு பக்கமும் உழைக்கிற ஜனங்கள். இரு பக்கமும் பிள்ளை குட்டி உள்ளவர்கள். அதனால்தான் இது கடினம்.

கோர்ட்டு தன் முன்னால் வைத்ததைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். ஆனால், வாரத்துக்கு 2 நாள் என்பது சாளைக்குப் போதுமான ஓய்வா? 12 கடல் மைலுக்கு அப்பால் பிடித்தால் கரையோர மீன் குறையாதா? மீனுக்கு எல்லைக்கோடு தெரியாதே! எத்தனை படகுகளுக்கு லைசென்சு கொடுத்தால் கடல் தாங்கும்? 50 படகா? 500 படகா? இதை வக்கீல் சொல்ல முடியாது. நீதிபதியும் சொல்ல முடியாது. கடலை அளந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

புதிய விதி, பழைய குறை

12 கடல் மைல் வரை உள்ள கடலில் மீன் பிடிப்பதை மாநில அரசாங்கம் ஒழுங்கு செய்கிறது. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோ மீட்டர் வரை, மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. 1976-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த எல்லையை வகுத்தது.

2021 ஜூலையில் இந்தக் கடலுக்கு ஒரு புதிய மசோதா பார்லிமெண்டுக்கு வர இருந்தது. கப்பல்களுக்கான 1958-ம் ஆண்டுச் சட்டத்தில் பதிவு செய்த படகுகளுக்குத்தான் அங்கே லைசென்சு என்று அதில் இருந்தது. மீறினால் அபராதம். கப்பலும் படகும் ஒன்றா என்று மீனவர்கள் கொதித்தார்கள். தமிழ்நாட்டில் கறுப்புக்கொடி பறந்தது. மசோதா கொண்டுவரப்படவில்லை.

பிறகு 2025 நவம்பரில் மத்திய அரசாங்கம் புதிய விதிகளை வெளியிட்டது. விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் 12 கடல் மைலுக்கு அப்பால் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்திரம் இல்லாத படகுகளுக்கும் சிறு படகுகளுக்கும் அது தேவை இல்லை. ஆழ்கடல் படகுகள் விஷயத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதல் உரிமை. வெளிநாட்டுப் படகுகளுக்கு இடம் இல்லை.

இன்னும் சில நல்ல அம்சங்கள் உண்டு. விளக்கு வெளிச்சம் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பதற்குத் தடை. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. சில மீன்களைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது என்று அளவு வகுக்கப்படும். கடல் வளத்தைக் காக்கத் திட்டங்கள் தயாரிக்கப்படும்.

எல்லாம் சரி. பாராட்ட வேண்டியதுதான். ஆனால், எது முதலில், எது பிறகு?

திட்டம் தயாரிக்கப்படும் என்கிறது விதி. அனுமதிச் சீட்டு வழங்கப்படும் என்றும் அதே விதி சொல்கிறது. சீட்டு முதலில் வந்து, திட்டம் பின்னால் வந்தால் என்ன பயன்? விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டு, பிறகு அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்ப்பது போல் ஆகிவிடும்.

கட்டிடத்துக்கு ஆய்வு உண்டு, கடலுக்கு இல்லை!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது.

ஒரு மீன்பிடித் துறைமுகம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10,000 டன் அல்லது அதற்கு மேல் மீன் வந்து இறங்கும் துறைமுகம். 2006-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். மண் என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும் என்று ஆய்வு செய்ய வேண்டும். பொதுமக்களின் கருத்தைக் கேட்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு.

அதே துறைமுகத்தில் இருந்து எத்தனை படகுகள் போகலாம், எந்த வலையைக் கொண்டு போகலாம் என்ற லைசென்சு விதியை மாற்ற வேண்டுமா? அதற்கு அந்த அறிவிக்கையின்படி எந்த ஆய்வும் தேவை இல்லை!

மீனை இறக்கி வைக்கும் சிமெண்டுத் தளத்துக்கு ஆய்வு உண்டு. மீன் வாழும் கடலுக்கு ஆய்வு இல்லை. தொட்டில் வாங்க நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, பிள்ளையைக் கவனிக்காமல் விட்ட கதைதான் இது.

வேறு நாடுகளில் இப்படி இல்லை. அமெரிக்காவில் 1970-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு சுற்றுச்சூழல் சட்டம் அமுலுக்கு வந்தது. அங்கே மத்திய அரசாங்கம் மீன்பிடி விதியை மாற்றினால், அதனால் கடலுக்கு என்ன ஆகும், மீனவர்களுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும். மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். அதனால் அங்கே தவறே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால், தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று அறிக்கையைப் புரட்டிப் பார்த்துச் சொல்லலாம்.

கனடா கண்ட பாடம்

ஆய்வு செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆய்வைத் தவறாகச் செய்தால் என்ன ஆகும்? கனடா நாட்டைப் பார்த்தால் தெரியும்.

அந்த நாட்டின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அங்கே காட் என்ற மீன் கொட்டிக் கிடந்தது. பல நூறு ஆண்டுகளாக ஜனங்கள் அதைப் பிடித்து வாழ்ந்தார்கள். பிறகு வெளிநாடுகளில் இருந்து பெரிய பெரிய கப்பல்கள் வந்து அள்ளின. 1977-ல் கனடா 200 கடல் மைல் வரை தன் எல்லை என்று அறிவித்து அந்தக் கப்பல்களை வெளியே தள்ளியது. ஜனங்கள் மகிழ்ந்தார்கள். "இனி எல்லா மீனும் எங்களுக்குத்தான்!" என்றார்கள்.

ஆனால், நடந்தது என்ன? கனடா தன் சொந்தப் படகுகளைப் பெருக்கியது. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று நிபுணர்கள் போட்ட கணக்கு, உண்மையில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. அதை நம்பிப் பிடித்தார்கள். "மீன் குறைகிறது, மீன் குறைகிறது" என்று கரையோரச் சிறு மீனவர்கள் கத்தினார்கள். அது போதிய அளவுக்கு எடுபடவில்லை.

1992 ஜூலை 2-ந் தேதி கனடா அரசாங்கம் காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. மீன் தீர்ந்துவிட்டது! ஏறக்குறைய 30 ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று. அந்தத் தடை முழுதாக விலக 2024-ம் ஆண்டு ஆயிற்று. 32 ஆண்டுகள்! தடை வந்த அன்று பிறந்த குழந்தைக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பிறந்திருக்கும்.

வெளிநாட்டான் அள்ளினாலும் கடல் காலியாகும். உள்ளூர்க்காரன் அள்ளினாலும் கடல் காலியாகும். இந்தியா தன் ஆழ்கடலுக்குப் புதிய படகுகளை அனுப்ப நினைக்கும் இந்த நேரத்தில், கனடாவின் கதையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

சாளை போன இடம்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே சாளைக்கு மத்தி என்று பெயர். ஏழையின் மீன் அது. 2012-ம் ஆண்டில் கேரளக் கரையில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் கிடைத்தது சுமார் 3,300 டன்தான். 100 கூடை இருந்த இடத்தில் ஒரு கூடை கூட இல்லை.

இதற்கு வலை மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. கடல் நீர் சூடானதும், பருவம் மாறியதும் முக்கியக் காரணங்கள் என்று நிபுணர்கள் கூறினார்கள். சரி, அதுவும் ஒரு பாடம்தான். கடல் எப்போது தடுமாறும் என்று மனிதனுக்குத் தெரியாது. தடுமாறும் நேரம் பார்த்து வலையையும் கூட்டினால் அது எழுந்து நிற்குமா? நோயாளியின் தலையில் மூட்டையை ஏற்றலாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. முட்டையிடக் கரையை நோக்கி வந்தவை. ஆமைக்கு நீருக்கு மேலே வந்துதான் மூச்சு விட முடியும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

செத்த பிறகு விசாரணை. வருமுன் ஆய்வு இல்லை. இப்படித்தான் நடக்கிறது.

முடியாத காரியமா?

ஆய்வு செய்வது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தியாவிலேயே நடந்திருக்கிறது.

கேரளத்தில் 1980-களில் இழுவைப் படகுகளை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சி நடந்தது. அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கமிட்டிகளை அமைத்தது. மழைக்காலத்தில் இழுவை வலை போட்டால் மீன் இனத்துக்கு என்ன ஆகும் என்பது ஆராயப்பட்டது. 1988-ல் மழைக்காலத் தடை தொடங்கியது. அன்று எவ்வளவோ எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் தடை நிலைத்துவிட்டது. 2018-ல் அதை 52 நாளாக நீட்டினார்கள்.

மத்திய அரசாங்கமும் ஒருமுறை செய்தது. 1991-ல் வெளிநாட்டுக் கம்பெனிகளுடன் கூட்டுச் சேர்ந்து ஆழ்கடலில் மீன் பிடிக்க லைசென்சு கொடுக்கும் கொள்கை வந்தது. நாடு முழுவதும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1995-ல் முராரி கமிட்டி அமைக்கப்பட்டது. 1996-ல் அது அறிக்கை கொடுத்தது. அந்த லைசென்சுகள் கூடாது என்று கமிட்டி சொன்னது. அரசாங்கம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது.

ஆனால், இரண்டிலும் ஒரே கதைதான். முதலில் லைசென்சு. பிறகு சண்டை. அதன் பிறகு ஆய்வு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் ஆய்வு, பிறகு லைசென்சு. அப்போது சண்டையே பாதி குறையும்.

அதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கப்பட்டது. அது பல ஆண்டுகள் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் தலைமையிடம் வைத்து நடந்தது. எந்தக் கரையில் எந்த மீன் எவ்வளவு இறங்குகிறது என்று அந்த நிலையம் பல பத்தாண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு இருக்கிறது. அதை லைசென்சு எழுதும் மேஜைக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

என்ன கேட்க வேண்டும்?

அந்த ஆய்வு பெரிய புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. சில எளிய கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்.

அந்தக் கடற்பகுதியில் இப்போது எத்தனை படகுகள் ஓடுகின்றன? புதிதாக எத்தனை வரும்?

எந்த மீனை நம்பி வருகின்றன? அந்த மீன் பெருகுகிறதா, குறைகிறதா?

வலைக்கண் எவ்வளவு பெரியது? குஞ்சு தப்பிக்குமா?

வேண்டாத உயிர்கள் எவை சிக்கும்? ஆமையா? கடற்பசுவா? பாக்கு நீரிணைப் பகுதியில் கடற்பசுவுக்கென்று 2022-ல் ஒரு காப்பகமே அறிவிக்கப்பட்டதே, அதற்கு என்ன ஆகும்?

கரையில் யாருக்கு நஷ்டம்? கூடையைச் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? நடுக்கடலிலேயே பெரிய படகுக்கு மீன் கைமாறிவிட்டால், அவள் கரையில் நின்று எதை ஏலம் எடுப்பாள்?

விதி தவறாகப் போனால் எத்தனை ஆண்டில் திருத்துவார்கள்?

இதற்கெல்லாம் பதில் எழுதி, அதைத் தமிழில் வெளியிட வேண்டும். இது முக்கியம். இங்கிலீஷில் 100 பக்கம் அச்சடித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் நாகைப்பட்டினத்து மீனவருக்கு என்ன தெரியும்? 2020-ல் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் நகலை நாட்டின் எல்லா முக்கிய மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அது மீன்பிடி விதிக்கும் பொருந்தும் நியாயம்தான். மீனவர் பஞ்சாயத்து கூடும் இடத்திலேயே அதைப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். கனடாவில் முதலில் அபாயத்தைக் கண்டவர்கள் கரையோர மீனவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எதிர்ப்பேச்சும் பதிலும்

"ஆய்வு, ஆய்வு என்று இழுத்தடித்தால் மீனவன் பட்டினி கிடப்பான்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆகவே ஆய்வுக்குக் கெடு வைக்க வேண்டும். ஆண்டுதோறும் 61 நாள் படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களை விசாரணைக்குப் பயன்படுத்தலாமே! மீனவர்களும் ஊரில் இருப்பார்கள்.

"தமிழ்நாடு யோசித்துக்கொண்டே இருந்தால் மற்ற மாநிலத்தார் அள்ளிப் போய்விடுவார்கள்" என்றும் சிலர் சொல்லலாம். அதுவும் நியாயமான பயம். மீனுக்கு மாநிலம் கிடையாது. அதனால்தான் 12 கடல் மைலுக்கு அப்பால் மத்திய அரசாங்கம் எல்லாக் கடற்கரை மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே ஆய்வு முறையை வைக்க வேண்டும். ஒருவருக்குப் பத்தியம், மற்றவருக்கு விருந்து என்று இருக்கக் கூடாது.

"கடன் வாங்கி வலை வாங்கியவர் கதி என்ன?" இதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. கடல் தாங்காது என்று ஆய்வு சொன்னால், அந்த வலையை அரசாங்கமே விலைக்கு எடுத்துக்கொண்டு மாற்றுத் தொழிலுக்கு வழி செய்ய வேண்டும். பல ஆண்டுகள் கண்டும் காணாமல் வளரவிட்டுவிட்டு, ஒருநாள் திடீரென்று பறிமுதல் செய்வது நீதி ஆகாது. கடல் தாங்கும் என்று ஆய்வு சொன்னால், எத்தனை படகு என்று எண்ணி லைசென்சு கொடுக்கலாம். அப்போது சிறு படகுக்காரரும் ஒப்புக்கொள்ள ஒரு ஆதாரம் இருக்கும். இன்று யாருக்கும் ஆதாரம் இல்லை. அதனால்தான் கம்பும் கல்லும் பேசுகின்றன.

கரைக்கு வெளியே உள்ளவர்களுக்கு என்ன?

ராஜபாளையத்துக் குடும்பத்துக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பத்துக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு.

மீன் என்பது ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் சத்துணவு. ஆட்டுக்கறி வாங்க முடியாத வீட்டிலும் ஒருநாள் சாளை வாங்க முடிந்தது. சாளை அரிதானால் அந்தப் பிள்ளையின் தட்டில் எது வரும்? கடலில் லைசென்சு விதி மாறினால், அது மலையடிவாரத்து அடுப்பங்கரை வரை வந்து சேருகிறது.

ஆகையால் இது மீனவர் பிரச்சினை மட்டும் அல்ல; மீன் சாப்பிடுகிறவர் பிரச்சினையும்தான். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்கள். "கடலில் எத்தனை படகுக்கு இடம் இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் லைசென்சு கொடுக்கிறீர்களா?" என்றும் ஒருமுறை கேட்கலாம்.

அரசாங்கம் புதிய விதி போடட்டும். பழைய விதியைத் திருத்தட்டும். யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கட்டும். அது அதன் கடமை. ஆனால், ஒவ்வொரு விதியோடும் ஒரு அறிக்கை சேர்ந்து வர வேண்டும். "இதைக் கடல் தாங்கும், இந்தக் காரணத்தால் தாங்கும்" என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். மீனவரின் மகள் அதைத் தன் தகப்பனுக்குப் படித்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.

அப்படி எழுத முடியாத விதி என்றால், அந்த லைசென்சைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.